ஒரே ஒரு பாடத்தில் தொடங்குங்கள்: ஹைஸ்கூல் வகுப்பில் இலவச ஆன்லைன் கருவிகள்

ஆசிரியர்களுக்கு உதவும் இலவசத் தளங்கள் என்று தேடினால் 50, 100 என்று பட்டியல் கொட்டும். ஆர்வத்தில் ஆறேழு இடத்தில் கணக்குத் தொடங்குவோம், ஆறேழு பாஸ்வேர்டையும் மறப்போம், அடுத்த வாரம் பழையபடி சாக்பீஸும் கையுமாக வகுப்புக்குள் நுழைவோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நல்ல கருவி ஒன்று கண்ணில் பட்டதும் இதை எந்தப் பாடத்தில் நுழைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால், கடைசியில் கருவிக்காகத்தான் பாடம் நடக்கும். பிள்ளைகள் வருஷா வருஷம் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று முதலில் பாருங்கள், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஒரு கருவி தேடுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

கணினியைத் திறக்கவே வேண்டாம். அடுத்த இரண்டு வாரத்தில் நடத்தப்போகும் பாடங்களை நினைத்துப் பார்த்து, எந்த இடத்தில் வகுப்பு தேங்கி நிற்கும் என்று இரண்டு மூன்று வரி எழுதுங்கள். "மின்சாரம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயனில்லை. "இரண்டாவது பல்பைத் தொடராக இணைத்தால் வெளிச்சம் குறைகிறது, பக்க இணைப்பில் ஏன் குறைவதில்லை என்று புரிவதில்லை" என்று எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எழுதியதைத் திரும்பப் படித்தால் அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைக் காட்ட வேண்டியிருக்கும். அப்படியென்றால் சிமுலேஷன், அதாவது நாமே மாற்றிப் பார்க்கக்கூடிய திரை மாதிரி ஒன்று தேடுங்கள். யாருக்குப் புரிந்தது, யார் சும்மா தலையாட்டுகிறார்கள் என்று தெரியாமல் இருக்கும். அதற்கு ஒரு குட்டி வினாடி வினா போதும். இல்லையென்றால் நான்கு பேர் மட்டுமே பேசுவார்கள், மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அதற்குப் பெயர் போடாமல் எழுதக்கூடிய ஒரு பொதுப் பலகை வேண்டும். மூன்றிலும் சேராத சிக்கல் என்றால் அதற்கு ஆன்லைன் கருவியே தேவையில்லாமல் இருக்கலாம். தாளும் பென்சிலும் நன்றாக வேலை செய்கிற இடத்தில் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை இலவசம் என்று பாருங்கள்

இலவசத்தில் பல ரகம் உண்டு. லாப நோக்கமில்லாத அமைப்புகள் நடத்தும் கான் அகாடமி மாதிரியான தளங்களும், பல்கலைக்கழகங்கள் நடத்தும் திட்டங்களும் ஒரு ரகம். இவற்றில் பாதியில் "இதற்குமேல் பணம் கட்டுங்கள்" என்ற பலகை பெரும்பாலும் வராது. வினாடி வினா விளையாட்டு நடத்தும் கஹூட், பொதுப் பலகை தரும் பேட்லெட் போன்றவை இன்னொரு ரகம்: அடிப்படை வசதி இலவசம், ஆனால் எத்தனை பேர் சேரலாம், எத்தனை பலகை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு இருக்கும், அந்த வரம்பும் அவ்வப்போது மாறும். மூன்றாவது ரகம்தான் ஏமாற்றும், 14 நாள் அல்லது 30 நாள் மட்டும் இலவசம். கார்டு விவரம் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள், அதே வேலையைச் செய்ய வேறு ஒன்று கட்டாயம் இருக்கும்.

வரம்பைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, விலைப் பட்டியல் பக்கத்தைப் படிப்பது. இலவசப் பயனாளருக்கு என்னென்ன கிடையாது என்பது அங்கேதான் ஒளிவுமறைவில்லாமல் இருக்கும். உங்கள் வகுப்பில் 45 பேர், அந்தத் தளத்தில் 40 பேர்தான் சேர முடியும் என்றால் அது பாடம் நடக்கும்போது தெரியக்கூடாது.

இன்னொன்று, இலவசம் என்பது நிரந்தரம் என்று அர்த்தமில்லை. உலகம் முழுக்க ஆசிரியர்கள் பயன்படுத்திய ஆன்லைன் வகுப்பறைத் தளமான எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுளின் ஆன்லைன் வெண்பலகையான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-ஓடு நின்றுபோனது. அதனால் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே, நாம் உருவாக்கியதை வெளியே எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்க முடியாத இடத்தில் ஒரு வருஷ உழைப்பைக் கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், கூகுள் ஃபார்ம்ஸ்

கேள்விகளைப் போட்டுப் பதில்களைச் சேகரிக்கும் இலவசக் கருவி இது, பகட்டு எதுவும் கிடையாது. பார்க்க ஒரு விண்ணப்பப் படிவம் மாதிரிதான் இருக்கும். ஆனாலும் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் மாணவருக்குக் கணக்கு வேண்டாம், செயலி வேண்டாம், ஒரு லிங்க் போதும். எந்த ஃபோனிலும் திறக்கும்.

ஃபார்மைத் திறந்ததும் செட்டிங்ஸில் போய் "இதை வினாடி வினாவாக மாற்று" என்பதை ஆன் செய்யுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையும் மதிப்பெண்ணும் குறிக்க முடியும். மின்னஞ்சல் சேகரிப்பதை நிறுத்திவையுங்கள். "ஒருவருக்கு ஒரு பதில் மட்டும்" என்பதையும் ஆன் செய்ய வேண்டாம், அதைப் போட்டால் எல்லாரும் கூகுள் கணக்கில் லாகின் செய்தாக வேண்டும், பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

கேள்வி மூன்று போதும். பத்துக் கேள்வி போட்டால் அது பரீட்சை ஆகிவிடும், பிள்ளைகளும் பரீட்சை முகத்தோடுதான் உட்காருவார்கள். மூன்றையும் எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒன்று பாருங்கள். கேள்வி: நிலா தேய்ந்து வளர்வது ஏன்? சரியான விடை, நிலாவில் வெளிச்சம் படும் பாதியில் எவ்வளவு நமக்குத் தெரிகிறது என்பது நாளுக்கு நாள் மாறுவதால். தவறான விடைகளாக வாய்க்கு வந்ததைப் போடாமல், பிள்ளைகள் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருப்பதைப் போடுங்கள்: "பூமியின் நிழல் நிலாவின் மேல் விழுவதால்", "நிலா தன்னைத்தானே சுற்றுவதால்", "மேகம் மறைப்பதால்". பூமியின் நிழலைத் தேர்ந்தெடுக்கிறவர் கிரகணத்தையும் பிறையையும் குழப்பிக்கொண்டிருக்கிறார். 40 பேரில் 22 பேர் அதைத் தொட்டிருந்தால் நாளைக்கு எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு காரணம் இருந்தால், மதிப்பெண்ணைப் பார்க்காமலேயே வகுப்பின் நிலவரம் தெரிந்துவிடும்.

இன்னும் ஒரு படி போகலாம். கேள்விகளைத் தனித்தனிப் பிரிவாக வைத்து, "விடையைப் பொறுத்து அடுத்த பிரிவுக்குப் போ" என்று அமைக்க முடியும். பூமியின் நிழல் என்று சொன்னவருக்குச் சூரியன், பூமி, நிலா மூன்றும் இருக்கும் படம் ஒன்றும் இன்னொரு கேள்வியும் வரும், சரியாகச் சொன்னவர் நேராக அடுத்ததற்குப் போய்விடுவார். முதல் வாரமே இதைச் செய்ய வேண்டாம். ஒருமுறை அமைக்கவே அரை மணி நேரம் ஆகிவிடும், ஆனால் அடுத்த வருஷமும் அப்படியே கை கொடுக்கும்.

தமிழில் விடை எழுதச் சொல்லும்போது ஒரு தொல்லை உண்டு. சிறு விடைக் கேள்வியில் ஃபார்ம்ஸ் நீங்கள் கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும். "ஒளிச்சேர்க்கை" என்று நீங்கள் வைத்திருக்க, ஒருவர் நடுவில் இடம் விட்டு "ஒளிச் சேர்க்கை" என்று அடித்தால் தவறு என்று போட்டுவிடும். ஏற்கக்கூடிய விடைகள் ஒன்றுக்குமேல் கொடுக்கலாம், கொடுங்கள். அப்படியும் சில தப்பிவிடும், ஒருமுறை கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் ஆரம்பத்தில் பலவுள் தெரிவுக் கேள்வியோடு நிற்பது நல்லது என்கிறேன்.

பதில்கள் வந்ததும் "சுருக்கம்" என்ற பகுதிக்குப் போங்கள். எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று படமாகக் காட்டும், அதிகம் பேர் தவறவிட்ட கேள்விகளைத் தனியாகவும் எடுத்துக்காட்டும். அதைப் புரொஜெக்டரில் பெயர்கள் தெரியாமல் வகுப்புக்கே காட்டலாம். "பாதிப் பேர் இதைத்தான் நினைக்கிறீர்கள், ஏன்?" என்று கேட்டுப்பாருங்கள், அதுவரை வாய் திறக்காதவர்கள்கூடப் பேசுவார்கள். தன்னோடு சேர்த்து இன்னும் 20 பேர் தப்பு செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரு தைரியம் வரத்தானே செய்யும்.

நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல்முறை ஃபார்ம் தயார் செய்த அவசரத்தில், திருத்துவதற்கு நான் திறந்துவைத்திருந்த பக்கத்தின் முகவரியையே காப்பி செய்து வகுப்புக்கு அனுப்பிவிட்டேன், அதற்கு முந்தின நாள்தான் சக ஆசிரியர் ஒருவர் சரிபார்ப்பதற்காக, லிங்க் வைத்திருக்கும் யாரும் திருத்தலாம் என்று அனுமதியைத் திறந்துவைத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் முதல் கேள்வி "இன்றைக்கு வீட்டுப்பாடம் வேண்டுமா?" என்று மாறியிருந்தது, சரியான விடை "வேண்டாம்", மதிப்பெண் 100. சிரித்துவிட்டு ஒத்திவைத்தேன், வேறென்ன செய்ய. எப்போதும் பதில் தருபவர்களுக்கென்று ஃபார்ம்ஸ் தரும் லிங்கை மட்டும் கொடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட

அறிவியலுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பெட் (PhET) சிமுலேஷன்கள். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். கணக்கு வேண்டாம், விளம்பரம் இல்லை, பல சிமுலேஷன்களுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. முக்கியமாக, டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலேயே பிரவுசரில் ஓடும்.

மேலே சொன்ன பல்ப் விவகாரத்துக்கு அதிலுள்ள மின்சுற்று அமைப்பைத் திறங்கள். ஒரு பேட்டரி, ஒரு பல்ப், ஒயர்களை இழுத்துப்போட்டு இணைத்தால் ஒயருக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது தெரியும். பேட்டரியை 9 வோல்ட்டிலும் பல்பை 10 ஓமிலும் வைத்து அம்மீட்டரை இணைத்தால் 0.90 ஆம்பியர் காட்டும். இப்போது நிறுத்துங்கள். இன்னொரு பல்பைத் தொடராகச் சேர்த்தால் அம்மீட்டர் என்ன காட்டும் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை மவுஸைத் தொடாதீர்கள். பிறகு இணைத்துக் காட்டினால் 0.45-க்கு இறங்கும், எலக்ட்ரான்கள் மெதுவாக நகர்வது கண்ணுக்கே தெரியும். பக்க இணைப்பில் போட்டால் பேட்டரியிலிருந்து 1.80 வரும், இரண்டு பல்பும் முன்பு போலவே பிரகாசமாக எரியும். முதலில் ஊகம், அப்புறம்தான் காட்சி. இந்த வரிசை மாறினால் சிமுலேஷன் வெறும் கார்ட்டூன் படம்தான், பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

யாராவது ஒருவர் பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒயரால் நேராக இணைப்பார். திரையில் தீப்பிடிக்கும். வகுப்பு கைதட்டும். தடுக்காதீர்கள், குறுக்குச்சுற்று என்ற சொல்லை அறிமுகப்படுத்த அதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

கணக்குப் பாடத்துக்கு, வரைபடங்களை அசைத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா. மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வேட்டுக்காகத் தொடங்கியது, இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிறது. இருபடிச் சார்பை அதன் பொதுவடிவில் ஏ, பி, சி என்ற எழுத்துகளோடு அப்படியே டைப் செய்தால் மூன்றுக்கும் தானாகவே ஸ்லைடர் வந்துவிடும். ஏ-யை நகர்த்தினால் பரவளையம் விரியும், குறுகும், குறி மாறினால் கவிழும். சி-யை நகர்த்தினால் மேலே கீழே போகும். இது இரண்டும் எல்லாருக்கும் சட்டென்று பிடிபடும். பி-யை நகர்த்தினால்தான் வேடிக்கை. பக்கவாட்டில் நகரும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள், அது பக்கவாட்டிலும் போய்க்கொண்டு மேலும் கீழும் ஏறி இறங்கும். முனைப்புள்ளியைக் குறித்து அதன் தடத்தைப் பதியச் சொல்லிவிட்டு பி-யை மெதுவாக நகர்த்துங்கள்: முனைப்புள்ளி போகும் பாதையே இன்னொரு பரவளையமாக, முதலாவதைக் கவிழ்த்துவைத்த மாதிரி வரும். ஏன் என்று நிறுவச் சொன்னால் 10 நிமிடப் பாடம் தயார். கரும்பலகையில் இதை வரைந்து காட்டக் கை வலித்துவிடும்.

டெஸ்மோஸும் வரைபடத்துக்கு நல்லதுதான், ஃபோனில் இன்னும் எளிது. வானியலுக்கு ஸ்டெல்லேரியம், புவியியலுக்கு கூகுள் எர்த். எல்லாவற்றையும் இங்கே விவரிக்கப்போவதில்லை, ஊகம் முதலில் காட்சி பிறகு என்ற வழி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பிள்ளைகள் கையில் ஃபோன் இல்லையென்றால்

பெரும்பாலான வழிகாட்டிகள் ஆளுக்கொரு லேப்டாப் இருப்பதாகவே நினைத்து எழுதப்பட்டவை. ஆசிரியர் ஃபோன் ஒன்று மட்டும் இருந்தாலும் நிறையச் செய்யலாம். பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது, அதை உங்கள் ஃபோனில் மட்டும் வைத்திருந்தால் போதும். மாணவர் கையில் ஒரு தாள் அட்டை, அதில் க்யூஆர் கோடு மாதிரி ஒரு வடிவம். அட்டையை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அதுதான் விடை. நீங்கள் ஃபோன் கேமராவை வகுப்பின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை மெதுவாகத் திருப்பினால் எல்லார் விடையும் பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தூக்குவது கஷ்டம். அட்டையைச் சாதாரணத் தாளில் அச்செடுத்துத் தடித்த அட்டையில் ஒட்டுங்கள். லேமினேட் செய்ய வேண்டாம், பளபளப்பில் விளக்கு வெளிச்சம் பட்டு கேமராவுக்குத் தெரியாமல் போகும்.

இணையமே நம்பிக்கை இல்லாத இடமென்றால் கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி மூலம் விக்கிப்பீடியாவையே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளலாம், தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் கிடைக்கிறது. பெட் சிமுலேஷன் கோப்புகளையும் சேர்த்து ஒரு பென் டிரைவில் போட்டுவிட்டால் போதும்.

முந்தின நாள் மாலை

நீங்கள் பார்ப்பதும் மாணவர் பார்ப்பதும் ஒன்றில்லை. உங்கள் கணக்கில் எல்லாம் திறக்கும், அவர்களுக்கு "அனுமதி இல்லை" என்று வரும். அதனால் பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, லாகின் செய்யாமல், லிங்கைப் போட்டுப் பாருங்கள். முடிந்தால் சின்னத்திரை ஃபோன் ஒன்றிலும் பாருங்கள், கணினியில் அழகாக இருந்த படம் அதில் ஸ்டாம்பு அளவுக்குச் சுருங்கியிருக்கலாம்.

நீளமான லிங்கைப் பலகையில் எழுதாதீர்கள். ஒரு எழுத்து தவறினால் போச்சு. க்யூஆர் கோடாக்கித் திரையில் காட்டுங்கள், குரோம் பிரவுசரிலேயே அந்த வசதி இருக்கிறது. பாட நேரத்தில் 40 பேரும் ஒரே வைஃபையில் ஒரே நொடியில் காணொளியைத் திறந்தால் எதுவும் ஓடாது, காணொளி என்றால் உங்கள் கணினியில் ஒன்றே ஒன்று, புரொஜெக்டரில். அப்புறம், எல்லாம் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு தாள் கையில் இருக்கட்டும். அதே மூன்று கேள்விகளை அச்செடுத்து வைத்திருந்தால் முகத்தில் பதற்றமே தெரியாமல் பாடத்தைத் தொடரலாம்.

வகுப்பில் மொத்தம் 10 அல்லது 15 நிமிடத்துக்குமேல் கருவிக்குக் கொடுக்காதீர்கள். முதல்முறை லிங்கைத் திறப்பதற்கே ஐந்து நிமிடம் போய்விடும், அது இயல்புதான், மூன்றாவது முறை ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரே கருவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தச் சொல்வதும் இதற்காகத்தான். வாரத்துக்கு ஒரு புதுச் செயலி என்றால் ஒவ்வொரு வாரமும் அந்த ஐந்து நிமிடம் வீண்.

கஹூட் பற்றிக் கேட்பீர்கள். பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை, மறுக்கவில்லை. வேகமாக அழுத்துபவருக்கு அதிக மதிப்பெண் என்பதால் யோசித்துச் செய்பவர்கள் கீழேயே கிடப்பார்கள், அதுதான் எனக்குப் பிடிக்காதது. திருப்புதலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், புதுப் பாடத்துக்கு வேண்டாம். பேட்லெட்டில் பெயரில்லாமல் எழுத விட்டால், பதிவுகளை நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே திரையில் வரும்படி அமைத்துவிடுங்கள், இல்லையென்றால் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர், படம், ஏஐ

மாணவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, ஃபோன் எண் எதையும் வெளித்தளங்களில் போடாதீர்கள். வரிசை எண்ணோ புனைபெயரோ போதும், யார் எந்த எண் என்ற பட்டியல் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். பல சேவைகள் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சொந்தமாகக் கணக்குத் தொடங்க விடுவதில்லை, சில நாடுகளில் இந்த எல்லை இன்னும் அதிகம். பள்ளி நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவது பின்னால் வரும் தலைவலியைத் தவிர்க்கும்.

படங்கள் வேண்டுமென்றால் கூகுளில் கண்ணில் பட்டதை எடுப்பதைவிட விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள். படத்தின் கீழேயே உரிமம் போட்டிருக்கும், பெரும்பாலானவற்றுக்கு எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் குறிப்பிட்டால் போதும்.

ஏஐ சாட்பாட்டுகளைக் கேள்வி தயாரிக்கப் பயன்படுத்தலாம். "இந்தக் கருத்தில் மாணவர்கள் செய்யும் வழக்கமான தவறுகள் ஐந்தைச் சொல்" என்று கேட்டால், மேலே நிலாவுக்குப் போட்ட மாதிரியான தவறான விடைகள் சட்டென்று கிடைக்கும். ஆனால் சரியான விடை என்று அது சொல்வதை நம்பி அப்படியே போட்டுவிடாதீர்கள், தமிழ்க் கலைச்சொற்களில் சொந்தமாக எதையாவது உருவாக்கி வைத்திருக்கும். பாடப்புத்தகச் சொல்லோடு ஒத்துப்பாருங்கள். மாணவர் எழுதிய விடையைப் பெயரோடு அதில் ஒட்டுவது கூடவே கூடாது.

பாடம் முடிந்த அன்று மாலை

பதில்களை அன்றைக்கே பாருங்கள், ஒரு வாரம் போனால் யாருக்கும் நினைவிருக்காது. ஆரம்பத்தில் தாளில் எழுதிய அந்தத் தேங்கிய இடம் நகர்ந்ததா என்று மட்டும் பாருங்கள். நகரவில்லை என்றால் கேள்வியை மாற்றி இன்னொருமுறை செய்யுங்கள். இரண்டாவது முறையும் நகரவில்லை என்றால் கருவியை விட்டுவிடுங்கள், அதற்காக வருத்தப்படத் தேவையில்லை. ஒரு பருவம் முழுக்க அந்த ஒரே கருவி பழகிய பிறகு இரண்டாவதைத் தொடலாம்.

பருவ முடிவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஃபார்ம்ஸ் பதில்களை விரிதாளாக்கி டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள், கேள்விகளை ஒரு நகல் எடுத்து அடுத்த வருஷத்துக்கு என்று பெயர் மாற்றி வையுங்கள், அந்த நகலிலிருந்து பழைய மாணவர்களின் பதில்கள் எதுவும் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மூலத்தில் "பதில்களை ஏற்கிறது" என்பதை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்தால் ஆறு மாதம் கழித்தும் நடு ராத்திரியில் யாரோ ஒருவர் பதில் அனுப்பிக்கொண்டே இருப்பார்.